மாறுகொளக் கூறல்: கனடாச் சிறைகளும் பூர்வகுடிகளின் 'மறுவாழ்வும்'

தண்டனை பற்றி நம் சிறுபத்திரிகைச் சூழலில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் ஃபூக்கோவில் தொடங்கி ஃபூக்கோவிலேயே முடிந்துவிடுகிறது. 1975இல் வந்த அவருடைய புத்தகத்தைப் படித்தவர்களும், படித்ததாகச் சொல்லிக்கொள்பவர்களும், சிறை என்றதும் கண்காணிப்பு, ஒழுங்குபடுத்தப்பட்ட உடல், தன்னிலை உருவாக்கம் என்று மூன்று சொற்களை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். சீர்திருத்தம் என்றால் அது இன்னும் நுட்பமான தண்டனை. மறுவாழ்வு என்றால் இன்னும் ஆழத்திற்கு இறங்குகிற அதிகாரம். இதெல்லாம் தவறென்று நான் சொல்லவரவில்லை. எந்தச் சிறைக்கும் எந்த நாட்டுக்கும் பொருந்தும்படி தயாராக வைத்திருக்கிற பதில், குறிப்பிட்ட ஒரு சிறையில் என்ன நடக்கிறது என்று பார்க்கிற சிரமத்திலிருந்து நம்மைக் காப்பாற்றிவிடுகிறது என்பதுதான் என் புகார்.

கனடாவின் கூட்டரசுச் சிறைகளில் பூர்வகுடியினருக்காக நடத்தப்படும் மறுவாழ்வுத் திட்டங்கள் தொடர்பான பிரதிகளைக் கொஞ்ச காலமாக வாசித்துவருகிறேன். உச்சநீதிமன்றத் தீர்ப்புகள், விசாரணைக் குழு அறிக்கைகள், சிறைத் துறையைக் கண்காணிக்கும் சுயேச்சையான அதிகாரியின் ஆண்டறிக்கைகள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்னய்யா வேலை என்று கேட்கலாம். பிரதியை வாசிப்பதுதான் என் வேலை. இங்கே ஒரு மனிதனின் வாழ்க்கை பிரதியாக எழுதப்படுகிறது. இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்புகளின்படி அவன் எத்தனை ஆண்டு, எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று முடிவாகிறது. வாசிப்பு என்பது அரசியல் செயல்பாடு என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோமே, அது இவ்வளவு பச்சையாக நடக்கிற இடம் வேறொன்று எனக்குத் தெரியாது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். கனடாவில் சிறைத் துறைக்குப் பெயர் கரெக்‌ஷனல் சர்வீஸ். தமிழ்நாட்டிலும் அது இப்போது சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைதான். திருத்தம் என்பது வாத்தியாருடைய சொல், அச்சகத்துச் சொல். விடைத்தாள் திருத்துகிறோம், மெய்ப்புத் திருத்துகிறோம். திருத்துகிறவன் கையில் சரியான மூலப்படி ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் திருத்தம் நடக்காது. கனடாவில் அந்த மூலப்படி யாருடையது என்பது ரகசியமே அல்ல. 1876இல் இந்தியன் சட்டம் வந்தது. 1884இல் அதை மாற்றி, பசிபிக் கரையோர மக்களின் பாட்லாட்ச் என்ற கொடைச் சடங்கைக் குற்றமாக்கினார்கள். பின்னால் சமவெளி மக்களின் சூரிய நடனம் போன்ற சடங்குகள் மீதும் தடை பாய்ந்தது. 1951இல்தான் அந்தத் தடை சட்டப் புத்தகத்திலிருந்து போனது. இன்னொரு பக்கம் உறைவிடப் பள்ளிகள்: ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழி பேசினால் அடி என்ற ஒழுங்கில் வளர்க்கப்பட்டார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களின் பிற்பகுதியில். இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் எழுதியது. பள்ளிகள் குறையத் தொடங்கிய 1960களில் குழந்தைநல அதிகாரிகள் வந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய் வெள்ளைக் குடும்பங்களில் தத்துக் கொடுத்தார்கள்.

இந்தியன் சட்டத்துக்கு ஐந்தாண்டு முன்னால், 1871இல், இதே பேரரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911க்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. மதுரைப் பக்கம் கைரேகைப் பதிவும் நடந்தது, 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரிலேயே பள்ளிகளும் நடந்தன. கைரேகையும் பள்ளிக்கூடமும் ஒரே துறையிலிருந்து வருவது எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. நிலம் பறிபோனவர்களின் வரலாறு வேறு, அதை நம் வரலாற்றின் உவமையாக்கிக்கொள்ளக் கூடாது.

இப்போது எண்கள். கனடாவில் இரண்டாண்டும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர்கள் கூட்டரசுச் சிறைக்குப் போகிறார்கள். குறைந்த தண்டனைக்கு மாகாணச் சிறை. 1997இல் மக்கள்தொகையில் பூர்வகுடியினர் சுமார் 3 சதவீதம், கூட்டரசுச் சிறையில் 12 சதவீதம். 2013 வாக்கில் சிறையில் 23 சதவீதம். 2020 ஜனவரியில் 30ஐத் தாண்டியது; அப்போது வெளியே அவர்கள் 5 சதவீதம். 2021 முடிகிறபோது கூட்டரசுச் சிறையிலிருந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பூர்வகுடிப் பெண்கள். சிறைக் கண்காணிப்பு அதிகாரியான ஐவன் ஜிங்கர், சிறை பூர்வகுடிமயமாகிக்கொண்டிருக்கிறது என்ற பொருளில் எழுதினார். பல்கலைக்கழகங்களும் அரங்குகளும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சொல் அது. மனிதர் தெரிந்தே பயன்படுத்தினார் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். பூர்வகுடியினருக்கான தனித் திட்டங்கள், சடங்குகள், மூத்தோர் நியமனம், தனி இல்லங்கள், சிறப்புச் சட்டப் பிரிவுகள் எல்லாம் வந்ததும் இதே ஆண்டுகளில்தான். திட்டங்கள் வரவர எண்ணிக்கை ஏறியிருக்கிறது. திட்டங்களால்தான் ஏறியது என்று சொன்னால் அது மடத்தனம். ஆனால் இரண்டும் எப்படி ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருந்தன என்று கேட்டாக வேண்டும்.

1996இல் கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 718.2(உ) என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சிறையைத் தவிர்த்த வேறு தண்டனைகள் நியாயமாகப் பொருந்துமானால் எல்லாக் குற்றவாளிகளுக்கும் அவற்றைப் பரிசீலிக்க வேண்டும், பூர்வகுடியினரின் சூழ்நிலையைச் சிறப்பாகக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இதை உச்சநீதிமன்றம் முதன்முதலாக விளக்கியது 1999இன் கிளாடூ வழக்கில். அந்த வழக்கின் கதையே ஒரு முரண். ஓர் இளம் பெண், தன் 19ஆவது பிறந்தநாள் இரவில், கூட வாழ்ந்தவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறாள். மூன்றாண்டுத் தண்டனை. அவள் நகரத்தில் வாழ்ந்தவள், ரிசர்வில் வாழ்ந்தவளல்ல, ஆகவே பூர்வகுடி என்ற சிறப்புச் சூழ்நிலை எதுவும் இல்லை என்பது கீழ்நீதிமன்ற நீதிபதியின் வாசிப்பு. காட்டில் இருந்தால்தான் ஆதிவாசி! உச்சநீதிமன்றம் இந்த வாசிப்பை நிராகரித்தது. எங்கே வாழ்ந்தாலும் பிரிவு பொருந்தும், காலனியம் விட்டுச்சென்ற பின்னணியையும் அந்த மனிதருக்குப் பொருத்தமான தண்டனை முறையையும் நீதிபதி பார்த்தே ஆக வேண்டும் என்றது. சட்டக் கொள்கை ஜெயித்தது. அவளுடைய மூன்றாண்டுத் தண்டனை மட்டும் அப்படியே நின்றது. அவள் பெயரில் வந்த தீர்ப்பால் அவளுக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை.

2012இல் இப்பீலி வழக்கில் நீதிமன்றம் இன்னும் அழுத்திச் சொன்னது. காலனியம், இடப்பெயர்ப்பு, உறைவிடப் பள்ளி ஆகியவற்றை நீதிபதிகள் தாமாகவே கருத்தில் கொள்ள வேண்டும். பாட்டி படித்த பள்ளிக்கும் பேரன் செய்த குற்றத்துக்கும் நேரடிக் காரணத் தொடர்பை நிரூபிக்கும்படி அவனிடம் கேட்கக் கூடாது. இது சாதாரண விஷயமில்லை. வரலாறு என்பது சாட்சியம் காட்டி நிறுவ வேண்டிய தனிநபர் விபத்து இல்லை, நாட்டின் அடித்தளமே அதுதான் என்று ஒரு காலனிய அரசின் நீதிமன்றம் ஒத்துக்கொள்கிறது.

இந்தத் தீர்ப்புகளிலிருந்து ஒரு புதிய எழுத்து வகை பிறந்தது: கிளாடூ அறிக்கை. டொராண்டோவில் 2001இல் கிளாடூ நீதிமன்றம் தொடங்கியபோது அங்கிருந்த பூர்வகுடிச் சட்ட உதவி அமைப்பு இதை எழுதத் தொடங்கியது. வழக்கமான தண்டனைக்கு முந்தைய அறிக்கையில் தலைப்புகளுக்குக் கீழே விவரம் நிரப்புவார்கள். கிளாடூ அறிக்கை அப்படியில்லை, கதை சொல்கிறது. அம்மா, சித்தி, மாமா, சமூகத்து மூத்தவர்கள் பேசுவதைப் பேசியபடியே விட்டுவைக்கிறது. குற்றம் செய்தவன் ஒருவன், கதை நாலு தலைமுறை. வடிவம் என்ற முறையில் எனக்கு இது பெரிய சாதனையாகவே படுகிறது. நவீன நீதிமன்றம் தனிநபரை மட்டுமே அறியும். அதற்குள் ஒரு வம்சக் கதையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். இதிலே ஒரு சங்கடமும் உண்டு. காயத்தைச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் இரக்கம். தன் குடும்பத்தை முழுக்கச் சிதைந்த குடும்பமாகச் சொன்னால்தான் அறிக்கை வலுவடையும். சிரித்த நாட்கள், மீன் பிடித்த நாட்கள், அப்பா குடிக்காமல் இருந்த ஐந்து வருஷம் இதெல்லாம் அறிக்கைக்கு உதவாது. இருந்தாலும், இந்தச் சங்கடத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு அறிக்கையைத் தூக்கி எறிய முடியாது. ஒருவன் வெளியே இருப்பதா உள்ளே போவதா என்பது அந்தத் தாள்களில் தொங்குகிறது.

சரி, நீதிமன்றம் முடிந்தது. ஆள் சிறைக்கு வந்துவிட்டான். கதை இங்கேதான் திரும்புகிறது.

கூட்டரசுச் சிறையில் நுழைகிறவனை முதலில் அளக்கிறார்கள். அதிகப் பாதுகாப்பு, நடுத்தரப் பாதுகாப்பு, குறைந்த பாதுகாப்பு என்று எந்தச் சிறைக்கு அனுப்புவது என்பதற்கு 1980களின் பிற்பகுதியில் உருவாக்கிய மதிப்பீட்டு அளவுகோல் ஒன்று இருக்கிறது. முன் தண்டனைகள், தண்டனை பெற்றபோது வயது, குற்றத்தின் கடுமை, மது, போதை. இவற்றோடு 'தெரு நிலைத்தன்மை' என்று மொழிபெயர்க்கத்தக்க ஒன்றும் உண்டு: படிப்பு, வேலை, குடும்பம், இருப்பிடம், பண நிர்வாகம் இவையெல்லாம் வெளியே எவ்வளவு நிலையாக இருந்தன என்பதற்கு மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் ஓர் எண் வரும்.

பாருங்க, இதென்ன கதை? பெற்றோரின் கையிலிருந்து பிடுங்கப்பட்ட குழந்தை. வளர்ப்புக் குடும்பம் மாறி மாறி வளர்ந்தவன். பள்ளி பாதியில் நின்றது. பதின்மூன்று வயதில் குடி. பதினைந்தில் முதல் வழக்கு. இந்த ஒவ்வொரு வாக்கியமும் கிளாடூ அறிக்கையில் தண்டனையைக் குறைக்கக் கோரும் வாக்கியம். அதே வாக்கியங்கள் அளவுகோலில் ஏறும்போது ஒவ்வொன்றும் ஒரு மதிப்பெண், ஒவ்வொரு மதிப்பெண்ணும் இன்னும் தடித்த கதவு. நீதிமன்றத்தில் 'அரசு உனக்குச் செய்தது' என்று வாசிக்கப்பட்டது, சிறையில் 'நீ இப்படிப்பட்டவன்' என்று வாசிக்கப்படுகிறது. எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிவிட்டன. பவணந்தி ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ஒன்றாக மாறுகொளக் கூறலைச் சொல்வார். முன்னே ஒன்று சொல்லி, பின்னே அதற்கு எதிரானதைச் சொல்வது. நம் இலக்கண மரபில் குற்றம் நூலுக்கும் உண்டு. கனடா அரசு ஒரே மனிதனைப் பற்றி எழுதுகிற இந்த நூலில், கைதியைப் பார்த்தது போதும், நூலைப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மொஹாக் இனத்தைச் சேர்ந்த சட்ட அறிஞர் பெட்ரீஷியா மான்டூர் 1999இலேயே, ஆபத்து என்ற கருத்தாக்கம் பூர்வகுடிப் பெண்கள் விஷயத்தில் ஒரு கூட்டு வரலாற்றைத் தனிநபரின் குறையாக மாற்றிவிடுகிறது என்று வாதிட்டார். அவர் வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்ல. பெண்கள் சிறையை மாற்றியமைக்க அரசு அமைத்த குழுவில் உட்கார்ந்தவர். நான் சேர்ப்பதெல்லாம் இது ஒரு வாசிப்புப் பிரச்சினையும்கூட என்ற ஒன்றைத்தான். விவரங்களில் பொய் கிடையாது. இரண்டு தாள்களிலும் ஒரே விவரம். எந்த வகைமைக்குள் வைத்து வாசிக்கிறாய் என்பதில் மட்டும் வேறுபாடு.

சிறைத் துறைக்கு இது தெரியாதா? தெரியும். பூர்வகுடிச் சமூக வரலாற்றைக் கணக்கில் கொண்டே முடிவெடுக்க வேண்டும் என்று அவர்களுடைய விதிகளே சொல்கின்றன. அதிகாரிகள் அந்த வரலாற்றைக் கோப்பில் எழுதவும் செய்கிறார்கள். எழுதியதற்கும் எடுத்த முடிவுக்கும் தொடர்பைக் காணோம் என்று கண்காணிப்பு அலுவலகம் 2013இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தன் சிறப்பு அறிக்கையில் குறைப்பட்டது. 2022இல் தலைமைத் தணிக்கையாளரும் அளந்து பார்த்தார். பூர்வகுடி ஆண்கள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு வீதத்திலும், பூர்வகுடிப் பெண்கள் மற்றப் பெண்களைப் போல மூன்று மடங்குக்கும் மேலான வீதத்திலும் அதிகப் பாதுகாப்புச் சிறைக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அளவுகோல் குறைந்த பாதுகாப்பு என்று சொன்ன பூர்வகுடிப் பெண்களைக்கூட அதிகாரிகள் தம் விருப்புரிமையால் மேல்நிலைக்குத் தள்ளியிருந்தது அடிக்கடி நடந்தது. அதாவது எந்திரம் இரக்கப்பட்டாலும் மனிதன் விடவில்லை.

இதையெல்லாம் ஒரு கைதியே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். யூவர்ட் என்ற மேட்டி இனத்தவர், முப்பதாண்டுக்கு மேல் கூட்டரசுச் சிறையில் இருந்தவர், தன்மீது பயன்படுத்தப்பட்ட ஐந்து உளவியல் மற்றும் ஆபத்து மதிப்பீட்டுக் கருவிகள் பூர்வகுடியினருக்குப் பொருந்தும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். 2000ஆம் ஆண்டிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். 2018இல் உச்சநீதிமன்றம் பெரும்பான்மையாக அவர் பக்கம் நின்றது. கைதியைப் பற்றிய தகவல் துல்லியமாக இருக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்ற சட்டக் கடமையைச் சிறைத் துறை மீறிவிட்டது என்று அறிவித்தது. அறிவித்தது, அவ்வளவுதான். கருவிகளைப் பயன்படுத்தாதே என்று ஆணையிடவில்லை.

அளக்கிற மனிதனின் கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வடமேற்கு ஒன்டாரியோவில் அரசு வழக்குரைஞராக இருந்த ரூபர்ட் ராஸ் 1992இல் எழுதிய புத்தகத்தில், பெரியவர்களின் கண்ணைப் பார்க்காமல் பேசுவதும், கோபதாபங்களை வெளியில் கொட்டாமல் இருப்பதும் தான் சந்தித்த சமூகங்களில் மரியாதை என்றும், நீதிமன்ற உளவியல் அறிக்கைகள் அதையே ஒத்துழையாமை, குற்ற உணர்வின்மை என்று எழுதிவைத்தன என்றும் விவரிக்கிறார். நமக்கு இது புரிய அகராதி தேவையில்லை. தலைமையாசிரியர் முன்னால் நிமிர்ந்து பார்த்தால் திமிர், குனிந்தால் திருட்டு முழி என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே. ராஸ் சில இடங்களில் பூர்வகுடி வாழ்வை அளவுக்கு மேல் புனிதமாக்கிவிடுகிறார். 1991இன் மனிடோபா விசாரணைக் குழு, கிரீ, ஒஜிப்வே மொழிகளில் 'குற்றவாளி' என்பதற்கு நேர்ச்சொல் இல்லை, மொழிபெயர்ப்பாளர்கள் 'நீ செய்தாயா?' என்றுதான் கேட்க முடிகிறது என்று பதிவு செய்ததையும் பிற்பாடு பலர் இப்படித்தான் பயன்படுத்தினார்கள். சொல் இல்லை, ஆகவே அங்கே தண்டனையே இல்லை, எல்லாம் அன்புமயம் என்று. ஒரு சொல் இல்லாததிலிருந்து ஒரு சமூகத்தின் அறவியலைக் கட்டுவது மொழியியல் இல்லை, ஆசை. ஆனால் அந்தப் பதிவுக்குள் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. 'நீ செய்தாயா?' என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்கிறவன், தான் குற்றவாளி என்று ஒத்துக்கொண்டதாகப் பதிவாகிறது. செய்தேன் என்பதற்கும் சட்டப்படி குற்றவாளி என்பதற்கும் இடையே ஒரு வழக்கறிஞரின் வாதம் முழுக்க நுழையலாம்.

இனி இல்லங்கள். ஹீலிங் லாட்ஜ் என்கிறார்கள். லாட்ஜ் என்றால் நமக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருப்பதுதான் ஞாபகம் வரும்; ஆற்றுகை இல்லம் என்றே சொல்கிறேன், புண் ஆற்றுவது என்ற பொருளில். முதலாவது, ஒகிமாவ் ஓச்சி, சஸ்காட்சுவானில் மேப்பிள் கிரீக் அருகே நெக்கனீட் மக்களின் நிலத்தில் 1995இல் திறக்கப்பட்டது, பெண்களுக்காக. அதற்கு முன் நாடு முழுவதற்கும் ஒரே கூட்டரசுப் பெண்கள் சிறை கிங்ஸ்டனில் 1934இல் திறந்தது. சஸ்காட்சுவான் பெண் ஒருத்தி தன் பிள்ளைகளைவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கிடக்க வேண்டும். அங்கே பூர்வகுடிப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தற்கொலை செய்துகொண்டது 1990ஆம் ஆண்டை ஒட்டிய காலம். 1994இல் ஆண் காவலர் படை புகுந்து பெண்களின் உடையைக் கழற்றிச் சோதனையிட்டது; ஒளிப்பதிவு வெளியே வந்து, லூயிஸ் ஆர்பர் தலைமையில் விசாரணை நடந்து, 1996இல் அறிக்கை வந்தது. கிங்ஸ்டன் பெண்கள் சிறை 2000இல் மூடப்பட்டது.

இந்தப் பின்னணியில் ஒகிமாவ் ஓச்சியை யோசித்துப் பாருங்கள். மதில் கிடையாது. வட்ட அமைப்பு, நடுவில் சடங்குக்கான இடம், சிறு வீடுகள், பிள்ளைகளைக் கூட வைத்திருக்க ஏற்பாடு. தலைமை அதிகாரிக்கு வார்டன் என்ற பெயரில்லை, கிரீ மொழியில் 'நம் தாய்' என்று பொருள்படும் கிகவினாவ். நம்மூர்க் கோட்பாட்டாளருக்கு இது போதும். ஆகா, தாய் என்ற குறியீட்டின் வழியாகக் கண்காணிப்பு, அன்பின் பெயரில் அதிகாரம், என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். கனடாவிலும் கெல்லி ஹன்னா-மொஃபட் போன்றவர்கள் பெண்கள் சிறையின் இந்தப் 'பராமரிப்பு' மொழியைக் கூர்மையாக ஆராய்ந்திருக்கிறார்கள், மதிக்கத்தக்க வேலை.

ஆனால் இந்த விமர்சனம் பார்க்கத் தவறுகிற ஒன்று உண்டு. வியர்வைக் குடில் சடங்கும் புல் புகைக்கும் சடங்கும் சிறைக்குள் வந்தது அரசின் தந்திரத்தால் அல்ல. நேட்டிவ் பிரதர்ஹுட், சிஸ்டர்ஹுட் என்ற பெயர்களில் கைதிகளே குழு அமைத்துப் பல பத்தாண்டு கேட்டுக் கேட்டு வாங்கியது. உறைவிடப் பள்ளியில் அடித்துப் பிடுங்கிய மொழியைச் சிறைக்குள் ஒரு மூத்தவரிடம் முதன்முதலாகக் கேட்கிற பெண்ணிடம் போய், இது உன்னை வசப்படுத்தும் உத்தி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிச் சொல்கிற கோட்பாடும், தெரு நிலைத்தன்மைக்கு மதிப்பெண் போடுகிற அளவுகோலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: அவளுக்கு எது நடக்கிறது என்று அவளைவிட இரண்டுக்கும் நன்றாகத் தெரியும்.

ஆகவே சடங்கை விட்டுவிட்டு, சடங்குக்கும் கோப்புக்கும் இடையே என்ன நடக்கிறது என்று பார்ப்பதே சரியான இடமாகப் படுகிறது. மூத்தவர் கைதியோடு உட்கார்ந்து பேசுகிறார். பேச்சு வாய்மொழி, நம்பிக்கையின்மேல் நிற்பது. பிறகு மூத்தவரின் மதிப்பீடு என்று ஒன்று எழுத்தில் பதிவாகிக் கோப்புக்குள் போகிறது. ஆற்றுகைத் திட்டம் திருத்தத் திட்டத்தின் பகுதியாகிறது. இப்படி வாய்மொழி எழுத்தாகிற கணத்தில் அந்தப் பேச்சின் சொந்தக்காரர் மாறிவிடுகிறார். மூத்தவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள், துறையின் ஊழியர்கள்கூட இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையோடு புனிதமாக இருக்க வேண்டும்.

அடுத்து, யார் உள்ளே போகலாம் என்பது. ஒகிமாவ் ஓச்சி திறந்தபோதே அதிகப் பாதுகாப்பு என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு அங்கே இடமில்லை. அந்த வகைக்குள் யார் அதிகம் விழுந்தார்கள் என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஆக, எந்த வரலாற்றின் காயத்தை ஆற்ற இல்லம் கட்டினார்களோ, அந்த வரலாறே மதிப்பெண்ணாகி இல்லத்தின் வாசலை அடைத்தது. கிங்ஸ்டன் சிறை காலியாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அதிகப் பாதுகாப்புப் பெண்கள் சிலரை ஆண்கள் சிறைகளுக்குள் தனிப்பிரிவுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்களில் பூர்வகுடிப் பெண்கள் மிகுதி. 2018இல் இன்னொன்று நடந்தது. ஒரு குழந்தையின் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற பெண்ணை ஒகிமாவ் ஓச்சிக்கு மாற்றியது வெளியே தெரிந்து நாடே கொதித்தது. கொதித்ததில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன், அந்தக் குழந்தையின் வீட்டாருக்கு அது என்னவாக இருந்திருக்கும். சில வாரங்களில் அவளைத் திரும்பச் சிறைக்கு அனுப்பிவிட்டு, நீண்ட தண்டனைக்காரர்கள் விடுதலைக்குத் தயாராகும் கடைசிக் கட்டத்தில்தான் இல்லத்துக்கு வரலாம் என்று விதியை இறுக்கினார்கள். ஒரு வழக்குக்காக வந்த கோபம், அந்த வழக்கோடு சம்பந்தமே இல்லாத எத்தனையோ பெண்களின் வாசலைக் குறுக்கியது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 81. அதன்படி ஒரு பூர்வகுடிச் சமூகமே அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கைதியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். சிறைத் துறை பூர்வகுடிச் சாயலில் நடத்துகிற சிறையாக அது இருக்காது, சமூகம் தானே நடத்துகிற பொறுப்பு. மனிடோபாவின் ஹாலோ வாட்டரில் 1980களிலிருந்து பாலியல் வன்முறை செய்தவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், பாதிக்கப்பட்டவர்களும் குடும்பங்களும் சூழ்ந்த வட்டத்தின் நடுவில் உட்காரவைத்து ஆண்டுக்கணக்கில் பொறுப்பேற்க வைத்த முயற்சியைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரிவின் சாத்தியம் விளங்கும். அந்த முயற்சியிலும் கேள்விகள் உண்டு. சின்ன ஊரில் வட்டத்துக்குள் உட்காருகிறவர்களுக்குள்ளும் செல்வாக்கு உள்ளவன், இல்லாதவள் உண்டு. பாதிக்கப்பட்டவள் வாயைத் திறக்கிற விலை அங்கே வேறு. பூர்வகுடிப் பெண்கள் அமைப்புகளே இதைக் கேட்டிருக்கின்றன.

பிரிவு 81 வந்து இருபதாண்டு கழித்து, 2012இல், அதன்கீழ் நாடு முழுவதும் இருந்த படுக்கைகள் 68. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்றும் இல்லை, ஒன்டாரியோவில் ஒன்றும் இல்லை, வடக்கே ஒன்றும் இல்லை. சிறைத் துறை தானே நடத்திய இல்லங்களுக்குப் போன பணத்தில் சிறு பங்குதான் சமூகங்கள் நடத்தியவற்றுக்கு வந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்குச் சம்பளமும் குறைவு. பின்னர் எண்ணிக்கை கொஞ்சம் கூடியது. 2023இல் பூர்வகுடி விவகாரங்களுக்கென்றே துறையில் ஒரு துணை ஆணையர் முதன்முறையாக நியமிக்கப்பட்டார். கண்காணிப்பு அலுவலகம் நெடுங்காலமாகக் கேட்டுவந்த பதவி.

எல்லாச் சமூகங்களும் கைதிகளை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை என்று துறையினர் பதில் சொல்வதுண்டு. அது உண்மையும்தான். ரிசர்வில் வீடுகள் போதாது, ஒரே வீட்டில் மூன்று குடும்பம். குடிநீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை பத்து, இருபது ஆண்டு நீடித்த ரிசர்வுகள் உண்டு. அப்படி ஒரு ஊர்ச் சபையின் முன்னால் ஒப்பந்தப் படிவத்தை வைத்து, உங்கள் மகளைத் திரும்ப ஏற்றுக்கொள்கிறீர்களா, சம்மதமில்லையா என்று கேட்கிறார்கள். சபை தயங்கினால் 'சமூகத்துக்கு விருப்பமில்லை' என்று பதிவாகிறது. குடிநீரைப் பற்றி அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. அது வேறு துறையின் கோப்பு.